சின்னப்பாட்டியும் கடல்பன்னியும்: குமரி மாவட்டத்தில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: ஆரல்வாய்மொழி வழியாகத் தக்கலைக்கு

காலை ஒன்பதரை மணிக்குத் திருநெல்வேலியில் நாகர்கோவில் பேருந்தில் ஏறினேன். வள்ளியூரும் காவல்கிணறும் தாண்டி, முப்பந்தலின் காற்றாலைகளுக்கு நடுவே வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தபோது, பொங்கல் முடிந்த வாரத்தின் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. தக்கலையில் அக்கா வீட்டில் ஐந்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான் என்றாலும் இந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் நான். பாடநூலில் இடம்பெறாததால் மாணவர்களுக்குச் சொல்லாமலே விட்டுப்போன ஒரு விலங்கைப் பற்றி, ஓய்வுபெற்ற பிறகாவது நிதானமாக எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது.

அதன் பெயர் இந்தோஹையஸ். வீட்டுப் பூனையை ஒத்த அளவும், குச்சி போன்ற கால்களும், விரல் நுனிகளில் சிறு குளம்புகளும், நீண்ட வாலும் கொண்ட, கொம்பில்லாத மான்குட்டியைப் போன்ற விலங்கு அது. சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இமயமலை என்று ஒன்று எழும்பியிராத காலத்தில், இந்திய நிலப்பரப்பின் வடக்கு விளிம்பில் அது வாழ்ந்தது. ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்தில் உள்ள காலாகோட் பகுதிப் பாறைகளிலிருந்து கிடைத்த பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து, 1971-ஆம் ஆண்டு ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் அதற்குப் பெயர் சூட்டினார். இந்தோஹையஸ் என்றால் 'இந்தியப் பன்றி' என்று பொருள். அது பன்றியல்ல. ஆனால் அதன் மிக நெருங்கிய உறவினர்கள் யார் என்பது அந்தப் பெயர் வைத்தபோது எவருக்கும் தெரியாது. அந்த உறவினர்கள் திமிங்கலங்களும், டால்பின் எனப்படும் ஓங்கில்களும்தான். எலும்பு கிடைத்தது நாட்டின் வடகோடியில் என்றால், அதன் சொந்தக்காரர்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது இந்தத் தென்கோடிக் கடலில். நான் இங்கே வந்திருப்பது அவர்களைப் பார்க்க.

அக்கா வீட்டுக் கூடத்தில், அவளுடைய பேத்தி படிக்கும் மேசைக்கு மேலே ஒரு வண்ணப்படம் மாட்டியிருக்கிறது. தலைப்பு 'மீன்கள்'. சுறாவுக்கும் திருக்கைக்கும் நடுவில் ஒரு நீலத் திமிங்கலமும், வாளைக்குப் பக்கத்தில் ஓர் ஓங்கிலும் அச்சாகியிருக்கின்றன. என் பணிக்காலம் முழுவதும் இத்தகைய படங்கள் வகுப்பறைச் சுவர்களில் இருந்தன. அவை எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தன. "சின்னப்பாட்டி, அதை ஏன் அப்படிப் பாக்குறீங்க?" என்று குழந்தை கேட்டாள். நாளை சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் நாள்: தக்கலையில் ஓர் எலும்பு

இன்று எங்கும் போகவில்லை. காலையில் அக்காவின் மருமகனோடு இறைச்சிக்கடைக்குப் போய், ஆட்டின் பின்னங்கால் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் வழக்கம்போல் மூட்டுக்குக் கீழே கத்தியை வைத்தார். "அண்ணே, மூட்டு முழுசா வேணும், அதுக்கு மேல வெட்டுங்க" என்றதும், "சூப்புக்கா டீச்சர்? அப்போ ரெண்டு காலா எடுத்துக்கிடுங்க" என்று சொல்லி இரண்டையும் பொதிந்து கொடுத்தார். நான் ஆசிரியை என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. இந்த ஊரில் கண்ணாடி போட்ட வயதான பெண் என்றால் டீச்சர்தான் போலிருக்கிறது.

மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு அக்கா சூப்பு வைத்தாள். வெந்த மூட்டிலிருந்து நான் எடுத்துக் கழுவிக் காயவைத்த சிறிய எலும்பு இப்போது என் முன்னால் இருக்கிறது. பெருவிரலின் மேற்கணு அளவுதான் இருக்கும். விலங்கியலில் இதை அஸ்ட்ராகலஸ் என்போம். மேல்முனையில் கிணற்றுக் கப்பியைப் போல நடுவே பள்ளமும் இருபுறமும் விளிம்பும் உள்ளன. காலின் முன்னெலும்பு இந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து உருளும். எலும்பைத் தலைகீழாகத் திருப்பினால் கீழ்முனையிலும் அதே போன்ற இன்னொரு கப்பி இருக்கிறது. நாய்க்கோ பூனைக்கோ நமக்கோ கீழ்முனை உருண்டையாக இருக்கும். குதிரைக்கு ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். இருமுனையிலும் கப்பி இருப்பது ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை ஆகிய இரட்டைக் குளம்பிகளுக்கு மட்டுமே உரிய அடையாளம். பாறையிலிருந்து இந்த ஒரு துண்டு மட்டும் கிடைத்தாலும், அதற்குரிய விலங்கு எந்தக் குடும்பம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

திமிங்கலங்களுக்குக் கணுக்காலே கிடையாது. ஆகவே அவை எந்தக் குடும்பம் என்பதில் நூறாண்டுக்கு மேல் வழக்கு நடந்தது. ஓநாய் போன்ற உடலும் குளம்பும் கொண்ட, மாமிசம் தின்னும் மீசோநிக்கிட் என்ற அழிந்த கூட்டத்திலிருந்துதான் திமிங்கலம் வந்தது என்று 1960-களிலிருந்து பலரும் நம்பினார்கள். பற்களின் ஒற்றுமை அவ்வளவு வலுவாக இருந்தது. மரபணுவை ஆராய்ந்தவர்களோ நீர்யானைதான் உயிரோடு இருப்பவற்றில் மிக நெருங்கிய சொந்தம் என்றார்கள். 2001-ல் பாகிஸ்தானின் பாறைகளிலிருந்து, நான்கு கால்களோடு இருந்த தொடக்ககாலத் திமிங்கலங்களின் கணுக்கால் எலும்புகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. இரண்டிலும் இரட்டைக் கப்பி இருந்தது. அந்த வழக்கு அத்தோடு முடிந்தது.

திமிங்கலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் குளம்பி எது என்ற கேள்வி மட்டும் பாக்கி. அதற்கான விடை ரங்கா ராவின் கற்களுக்குள் இருந்தது. காலாகோட்டிலிருந்து அவர் சேர்த்து வைத்த பாறைத் துண்டுகளில் பெரும்பகுதி உடைக்கப்படாமலேயே இருக்க, அவர் காலமானார். அவருடைய மனைவி அந்தக் கற்களைப் பல ஆண்டுகள் பத்திரமாகக் காத்து, பின்னர் ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். அவருடைய ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த உதவியாளரின் கையில் காதெலும்பு தவறுதலாக உடைந்தது. அந்த உடைப்பில்தான் செய்தி வெளிவந்தது. எல்லாத் திமிங்கலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் நடுக்காதை மூடியிருக்கும் எலும்புக் கிண்ணத்தின் உட்பக்கச் சுவர் மிகத் தடித்தும் வெளிப்பக்கச் சுவர் மெலிந்தும் இருக்கும். ஒருபுறம் மெல்லிய ஓடும் மறுபுறம் கனத்த உதடும் உள்ள சோழியை நினைத்துக்கொண்டால் போதும். அதுவரை வேறு எந்தப் பாலூட்டியிலும் பார்த்திராத அந்தத் தடித்த சுவர், பூனையளவான இந்தக் குளம்பியிலும் இருந்தது. தெவிசனும், சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து 2007 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள்.

கணவர் பொறுக்கிவந்த கற்கள் இவை என்று எறிந்துவிடாமல் அத்தனை காலம் வைத்திருந்த அந்தப் பெண்மணியை நான் இன்று பலமுறை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்: முட்டம்

கடியபட்டணத்திலிருந்து வள்ளத்தில் கடலுக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கே தொலைபேசியில் அழைத்து, காற்று சரியில்லை, அலை வாயில் ஏறுகிறது, இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பேருந்தில் முட்டம் வரை போய், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளின் மீது நடந்துவிட்டு வந்தேன்.

இந்தப் பாறைகளில் இந்தோஹையஸை மட்டுமல்ல, எந்த விலங்கின் எலும்பையும் தேடிப் பயனில்லை. குமரி மாவட்டத்தின் அடித்தளப் பாறைகள், பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே உருமாறி இறுகியவை. அப்போது எலும்புள்ள நிலவிலங்கு ஒன்றுகூட உலகில் தோன்றியிருக்கவில்லை. ஒரு கைப்பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் அந்த ஆழத்தின் சாட்சி தெரியும். கறுப்பாக மின்னுவது இல்மனைட். அதனூடே மாதுளை முத்தின் நிறத்தில் கிடக்கும் சிறு சிவப்பு மணிகள் கார்னெட். அந்தச் சிவப்பு மணி உருவாகும் சூட்டில் எந்த எலும்பும் எலும்பாக நிற்காது.

காலாகோட்டின் பாறைகள் இதற்கு நேர்மாறானவை. அவை ஆறு கொண்டுவந்து படியவைத்த சேறும் மணலும் இறுகியவை. இந்தோஹையஸின் எலும்புகள் அங்கே தனித்தனியாக இல்லாமல், பல விலங்குகளின் எலும்புகள் மூட்டு கழன்று ஒன்றாகக் குவிந்த ஒரே படுகையில் கிடைத்திருக்கின்றன. இறந்தபின் நீரோட்டம் அவற்றை ஒதுக்கிச் சேர்த்திருக்க வேண்டும். நாம் படத்தில் பார்க்கும் முழு எலும்புக்கூடு இப்படிப் பல விலங்குகளின் எலும்புகளைக் கோத்து அமைத்ததுதான்.

அந்த விலங்கு வாழ்ந்தபோது நான் நின்ற முட்டம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது. இந்தியா ஆசியாவின் மேல் மோதத் தொடங்கிவிட்டது. நடுவே டெதிஸ் என்ற பழங்கடல் ஆழம் குறைந்து ஒடுங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவின் அந்த வடக்குக் கரையில்தான் திமிங்கலக் குடும்பத்தின் தொடக்கம் நடந்தது.

நான்காம் நாள்: பேச்சிப்பாறை

குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குப் போனேன். காட்டுக்குள் போக அனுமதி கேட்கவில்லை. அணைக்கு இப்பால், ரப்பர் தோட்டங்களுக்கிடையே ஓடும் ஓர் ஓடையின் கரையில் உட்கார்ந்திருப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே பால்வெட்டு முடித்துவிட்டு வாளியோடு வந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்து நின்றார். இந்தப் பக்கம் சருகுமான் உண்டா என்று கேட்டேன்.

"உண்டு டீச்சர். வெளுப்புக்கு முந்தி விளக்கு அடிச்சா சில நாளு கண்ணு மினுங்கும். முயலு மாதிரிதான் இருக்கும், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. காலு பாத்தீங்கன்னா பென்சில் தண்டிதான்."

இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் இந்தோஹையஸின் தோற்றத்துக்கு மிகவும் அருகில் வருவது இந்தச் சருகுமான் வகைதான். உறவு என்று பார்த்தால் அது அசைபோடும் விலங்குகளின் பக்கம். ஆட்டுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். ஆனால் வாழும் முறையில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஆப்பிரிக்காவின் நீர்ச்சருகுமான், கழுகு தாக்க வந்தால் ஓடையில் பாய்ந்து, நீருக்கடியிலேயே நடந்து ஒளிந்துகொள்ளும். ஆசியச் சருகுமான்களுக்கும் இந்தப் பழக்கம் இருப்பதை 2009-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் இடம்பெற்ற ஒன்று, இலங்கையில் கீரிக்குத் தப்பி நீரில் இறங்கிய சருகுமான்.

இந்தோஹையஸ் இதைவிட ஒரு படி மேலே போயிருந்தது. அதன் கால் எலும்புகளைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது, வெளிச்சுவர் மிகத் தடித்து, நடுவிலுள்ள மஜ்ஜைக் குழி சுருங்கியிருப்பது தெரிந்தது. நீர்யானையின் எலும்பும் இப்படிக் கனத்ததுதான். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் மிதக்காமல் அடிக்குப் போவதற்காகக் காலில் கல் கட்டி இறங்கியதைப் போல, இந்த விலங்குக்கு அதன் எலும்பே கல்லாக இருந்திருக்கிறது. பற்களின் எனாமலில் உள்ள ஆக்ஸிஜனும் அதையே சொல்கிறது: பெரும்பொழுதை நீரில் கழிக்கும் விலங்குகளின் பல்லில் ஆக்ஸிஜனின் கனமான அணுவகை குறைந்திருக்கும்; இந்தோஹையஸின் பல்லில் அது அவ்வாறே குறைந்திருக்கிறது. அதே பல்லில் உள்ள கார்பன் இன்னொரு செய்தியைத் தருகிறது. நன்னீரில் இரை பிடித்துத் தின்ற தொடக்ககாலத் திமிங்கலங்களின் பல்லோடு அது பொருந்தவில்லை. நிலத்துச் செடிகளை மேய்ந்த விலங்குக்குரியதாகவே தோன்றுகிறது.

இதைத்தான் நான் என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மீனைத் துரத்திக்கொண்டு நீரில் இறங்கிய வேட்டை விலங்கு படிப்படியாகத் திமிங்கலமாயிற்று என்றே முன்பெல்லாம் கற்பித்தோம். நடந்ததோ வேறு வரிசையில் நடந்திருக்கிறது. முதலில் நீர் ஒரு புகலிடமாக இருந்தது. கரையில் மேய்ந்துவிட்டு, ஆபத்து வந்தால் ஆற்றுக்குள் மறையும் அஞ்சிய விலங்குகளின் கூட்டம் ஒன்று இருந்தது. நீரில் இருப்பது பழகிப்போன பிறகுதான், அந்தக் கூட்டத்தின் ஒரு கிளை நீரிலேயே இரை தேடக் கற்றுக்கொண்டது. பயம்தான் முதலில் வந்தது. பசி பின்னால் வந்தது.

ஓடையில் தண்ணீர் கணுக்காலளவுதான் இருந்தது. சருகுமான் எதையும் நான் பார்க்கவில்லை. ஈரமண்ணில் இரண்டாகப் பிளந்த ஒரு சிறு குளம்புத் தடம் மட்டும் இருந்தது. அது ஆட்டுக்குட்டியினுடையதாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் நாள்: கடியபட்டணம்

இன்று கடல் வழிவிட்டது. வள்ளியாறு கடலில் கலக்கும் இடத்துக்கருகே, ஐந்து மணி இருட்டில், மூன்று பேர் வள்ளத்தைத் தள்ளி அலைவாயைக் கடத்தினார்கள். எனக்கு மிதவைச் சட்டை மாட்டி, நடுப்பலகையில் உட்காரவைத்து, கையைப் பலகையிலிருந்து எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கரை ஒரு விளக்கு வரிசையாகச் சுருங்கியபின் இயந்திரத்தை மட்டுப்படுத்தி அயிலைக்குத் தூண்டில் இறக்கினார்கள்.

ஏழு மணி இருக்கும். முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் யாரோ நீண்ட பெருமூச்சு விட்டதைப் போல ஓர் ஒலி; அதைத் தொடர்ந்து பக்கத்திலேயே இன்னும் இரண்டு. "கடல்பன்னி டீச்சர், இடது பக்கம் பாருங்க" என்றார் சுக்கான் பிடித்திருந்த அண்ணன். இருபதுக்குக் குறையாத ஓங்கில்கள் எங்களைக் கடந்து தென்மேற்கே போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று நீரைவிட்டு முழுவதுமாக எழும்பி, பம்பரம் சுற்றுவதைப் போல உடலைச் சுழற்றிவிட்டு விழுந்தது.

நான் பார்த்தது முதுகை. மீன் நீந்தும்போது உடல் இடமும் வலமுமாக வளையும். வால் செங்குத்தாக நிற்கும். இவற்றின் முதுகு மேலும் கீழுமாக வளைந்து நிமிர்ந்தது. வால் தட்டையாகப் படுத்திருந்தது. வயல்வரப்பில் பாய்ந்து ஓடும் ஆட்டின் முதுகெலும்பு வளைவதும் இதே திசையில்தான். கால்கள் போய்விட்டன, ஓட்டம் போகவில்லை. கருவில் இருக்கும் ஓங்கிலுக்குச் சில வாரங்கள் பின்னங்கால் மொட்டுகள்கூட முளைக்கின்றன. பிறகு அவை வளராமல் மறைந்துவிடுகின்றன. வளர்ந்த உடலுக்குள் இடுப்பெலும்பின் சிறு துண்டுகள் மட்டும் மிஞ்சுகின்றன. வயிறுகூடப் பசுவின் வயிற்றைப் போலப் பல அறைகள் கொண்டதுதான், தின்பது மீனும் கணவாயும் என்றாலும்.

அவை தூரம் போனபின், ஏன் கடல்பன்னி என்று சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அப்பன் காலத்துலேருந்து அப்பிடித்தான். மூஞ்சியும் தடிச்ச தோலும் பாத்துச் சொல்லியிருப்பாங்க. இது வந்தா பின்னால சூரை உண்டு" என்றார். மீன் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். ரங்கா ராவ் தம் கையிலிருந்த பற்களைப் பார்த்துப் பன்றி என்று பெயரிட்டார். இந்தக் கடற்கரை தன் கண்ணால் பார்த்ததற்குப் பன்றி என்று பெயரிட்டது. இரண்டுமே பன்றியல்ல. ஆனால் பன்றியும் சேர்ந்த அந்தப் பெரிய குடும்பத்துக்குள்தான் இரண்டு பெயர்களும் வந்து நிற்கின்றன.

மடியில் முடிந்து வைத்திருந்த ஆட்டெலும்பை எடுத்து அவரிடம் கொடுத்தேன். இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். ஜம்மு காஷ்மீரில் கிடைத்த விலங்கைப் பற்றியும், கணுக்காலைப் பற்றியும், காதைப் பற்றியும் என்னால் முடிந்தவரை சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அது இதுக்குப் பாட்டியா டீச்சர்?" என்று கேட்டார்.

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அது. பாட்டி அல்ல. பாகிசீட்டஸ் போன்ற முதல் திமிங்கலங்கள் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. காலாகோட்டின் இந்தோஹையஸ் அவற்றுக்கு மூத்ததல்ல. ஆகவே அது நேர்வழி மூதாதை ஆக முடியாது. இரண்டுக்கும் பொதுவான ஒரு பெற்றோர் இன்னும் முந்திய காலத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த எலும்பு இதுவரை கைக்கு வரவில்லை. ஒரு மகள் வழி கடலுக்குப் போயிற்று. இன்னொரு மகள் வழி ஆற்றங்கரையிலேயே தங்கி, தாயின் சாயலை அதிகம் மாற்றிக்கொள்ளாமல் இருந்து, பின்பு அழிந்துபோயிற்று. "சின்னப்பாட்டிண்ணு சொல்லுங்க அண்ணே. பாட்டியோட தங்கச்சி. பாட்டி எப்படி இருந்திருப்பாங்கண்ணு இவங்க முகத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு" என்றேன். அவர் எலும்பைத் திருப்பிக் கொடுத்தார்.

கரைக்கு வந்து, வழியில் இரண்டு கிலோ அயிலை வாங்கிக்கொண்டு தக்கலைக்கு வரும்போது மணி பதினொன்று.

அதே நாள், இரவு

மாலையில் பள்ளி விட்டு வந்த குழந்தைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலி போட்டு ஏறி, மீன்கள் படத்தைக் கழற்றி, கத்தரிக்கோலால் நீலத் திமிங்கலத்தையும் ஓங்கிலையும் வெட்டி எடுத்துவிட்டாள். படத்தில் இப்போது இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அவள் அம்மாவுக்கு அதில் சிறிது வருத்தம். வெட்டியவற்றை எதிர்ச் சுவரிலுள்ள விலங்குகள் படத்தில் ஒட்ட வேண்டும். ஆட்டுக்குப் பக்கத்தில் ஒட்டலாம் என்று நான் சொன்னபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நீர்யானைதான் ரொம்பச் சொந்தம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். அவள் சொன்னது சரி. நீர்யானைக்கு அடுத்துத் திமிங்கலம், அதற்கு அடுத்து ஓங்கில் என்று பசை தடவி ஒட்டினோம்.

இந்தோஹையஸுக்கு அச்சான படம் இல்லாததால், அதை அவளே ஒரு தாளில் வரைந்தாள். கால்களை முதலில் தடிமனாகப் போட்டுவிட்டு, பென்சில் தண்டிதான் என்று நான் நினைவூட்டியதும் அழித்து மெல்லியதாக்கினாள். காதை எப்படி வரைவது என்று கேட்டாள். அது உள்ளே இருக்கும் எலும்பு, வெளியே தெரியாது என்றேன். சற்று யோசித்துவிட்டு, தலையில் ஒரு பக்கத்தைத் திறந்ததைப் போல வரைந்து, அதற்குள் ஒரு சோழியை வைத்தாள்.